மதிப்பெண் 37-லிருந்து 41 ஆகிவிட்டது, என் கை பின்னால் போகிறதா?

46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் கணக்கு வேலை. படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, தகடும் திருகாணியும் வைத்து அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. இப்போது நாலரை மாதம். இடையில் மூன்று முறை அவரிடம் 'டாஷ்' என்ற கேள்விப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். கையால் அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று கேட்கும் படிவம் அது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 (சிரமம் இல்லை) முதல் 5 (முடியவே இல்லை) வரை போட வேண்டும், மதிப்பெண் ஏறினால் சிரமம் கூடியிருக்கிறது என்று பொருள். ஆறாவது வாரத்தில் 62, மூன்றாம் மாதத்தில் 37, போன வாரம் 41. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "எலும்பு அருமையாகக் கூடிவிட்டது" என்று சொல்லிவிட்டார். மதிப்பெண் மட்டும் ஏறியிருக்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

கூடவே இன்னும் சில கவலைகள். 41 என்றால் 41 சதவீத ஊனம் என்று அர்த்தமா? இடது கையால் சமாளிக்கும் வேலைக்கு 'சிரமம் இல்லை' என்று போடலாமா, அது பொய்யாகாதா? விபத்துக் காப்பீட்டுக்காரர்கள் படிவத்தின் நகலைக் கேட்கிறார்கள். "எல்லாவற்றுக்கும் 5 போடுங்கள், அப்போதுதான் பணம் வரும்" என்கிறார் கூட வேலை பார்ப்பவர். கணவரோ, "அழுதுகொண்டே இருக்காதே, 1, 2 என்று போடு, இல்லாவிட்டால் பழைய வேலையைத் தரமாட்டார்கள்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார். இரண்டு கேள்விகளை அவர் மூன்று முறையும் நிரப்பவில்லை. அதில் ஒன்று தாம்பத்தியம் பற்றியது.

சகோதரி, நிரப்பிய மூன்று படிவங்களின் நகலையும் நீங்கள் அனுப்பியது நல்லதாகப் போயிற்று. பெரும்பாலானவர்கள் மேலே வட்டம் போட்ட எண்ணை மட்டும்தான் எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. நகல்கள் இருந்ததால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கை நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்பவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கணக்கு உங்கள் தொழில். நான் எங்காவது தப்பாகக் கூட்டியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

41 எப்படி வந்தது

இந்தப் படிவம் டொராண்டோவில் உள்ள வேலை மற்றும் ஆரோக்கிய ஆய்வு நிறுவனமும் அமெரிக்க எலும்பு அறுவைச் சிகிச்சை வல்லுநர்களின் அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது. 1996-இல் வெளிவந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரை எந்த இடத்தில் பிரச்சினை என்றாலும் ஒரே படிவம். மொத்தம் 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். இறுக்கமான மூடியைத் திறப்பது, சாவியைத் திருப்புவது, தலைக்கு மேல் உள்ள அலமாரியில் பொருளை வைப்பது போன்ற செயல்கள் முதலில் வரும். வலி, மரமரப்பு, பலவீனம், தூக்கம் எல்லாம் கடைசியில். பதில்களைக் கூட்டி, எத்தனை கேள்விக்குப் பதில் சொன்னீர்களோ அந்த எண்ணால் வகுத்து, அதிலிருந்து 1-ஐக் கழித்து, 25-ஆல் பெருக்கினால் மதிப்பெண். எல்லாவற்றுக்கும் 1 போட்டவருக்கு 0, எல்லாவற்றுக்கும் 5 போட்டவருக்கு 100. பரீட்சைக்கு நேர்மாறாக, இங்கே எண் குறைவதுதான் நல்லது.

நீங்கள் மூன்று தடவையும் 28 கேள்விகளுக்குப் பதில் போட்டிருக்கிறீர்கள். கூட்டுத்தொகை 98, 70, 74. கணக்குப் போட்டால் 62.5, 37.5, 41.1. உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்த 37-க்கும் 41-க்கும் நடுவில் இருப்பது, முழுப் படிவத்திலும் சேர்த்து, நான்கே நான்கு புள்ளிகள்.

ஒருவருக்குக் கையில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், திங்கட்கிழமை ஒரு படிவமும் வியாழக்கிழமை ஒரு படிவமும் கொடுத்தால் மதிப்பெண் கொஞ்சம் ஆடும். அன்றைய மனநிலை, முந்தின நாள் அலைச்சல், கேள்வியைப் புரிந்துகொண்ட விதம் எல்லாம் அதற்குள் வந்து சேரும். அதனால்தான் டாஷ் மதிப்பெண்ணில் சுமார் 10 முதல் 15 வரை மாறினால்தான் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கு ஆய்வு இந்த எல்லை கொஞ்சம் மாறும். ஆனால் மூன்றரை, நான்கு எந்தக் கணக்கிலும் வராது. கை பின்னால் போய்விட்டது என்று இந்த எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அதே நியாயத்தை 62-க்கும் காட்ட வேண்டும். முதல் படிவத்தை நீங்கள் நிரப்பவில்லை, வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் மகள் கேட்டுக் கேட்டு டிக் செய்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வலது கையை மட்டும் மனதில் வைத்துப் போட்டிருக்கிறாள் என்பது தாளைப் பார்த்தாலே தெரிகிறது. கத்தியால் நறுக்குவதற்கு 5, கதவைத் தள்ளுவதற்கு 5. அப்போதே இடது கையால் இரண்டையும் செய்துகொண்டுதான் இருந்தேன் என்கிறீர்கள். அப்படியானால் 62-லிருந்து 37-க்கு இறங்கியதில் ஒரு பகுதி கை தேறியதால், ஒரு பகுதி ஆள் மாறியதால். எவ்வளவு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முதல் படிவத்தை ஒப்பீட்டுக்கு எடுக்காமல் விட்டுவிடுவதுதான் நேர்மை.

நீங்கள் முன்னேறவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அழுத்திப் பிடிக்கும் கருவியில் மூன்றாம் மாதம் 9 கிலோ காட்டிய வலது கை இப்போது 13 கிலோ காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். இடது கையின் 24-ஐ எட்ட இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் போகும் திசை சரி.

மொத்தத்தை விட்டு வரிகளைப் பாருங்கள்

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இரண்டாவது படிவத்தையும் மூன்றாவதையும் அருகருகே வைத்தால், மூன்று வரிகளில் நீங்கள் தேறியிருக்கிறீர்கள். மூடி திறப்பது 4-லிருந்து 3, எழுதுவது 3-லிருந்து 2, சாவி திருப்புவது 3-லிருந்து 2. மூன்றும் விரலும் மணிக்கட்டும் சேர்ந்து செய்யும் வேலைகள். பிசியோதெரபி வேலை செய்திருக்கிறது.

ஏறிய வரிகள் ஐந்து. வேலையில் தடை 3-லிருந்து 4. ஏதாவது செய்யும்போது வரும் வலி 2-லிருந்து 3. தன்னம்பிக்கை பற்றிய கடைசிக் கேள்வி 3-லிருந்து 4. 26-ஆவது கேள்வியான மரமரப்பு, குத்தல் 2-லிருந்து நேராக 4. 29-ஆவதான தூக்கமும் 2-லிருந்து 4. ஏழு ஏறி, மூன்று இறங்கி, நிகரம் நான்கு. உங்கள் பாஷையில் சொன்னால், நிகரத்தை மட்டும் பார்த்தால் வரவும் தெரியாது, செலவும் தெரியாது.

கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மூன்றாவது படிவம் நிரப்புவதற்குப் பத்து நாள் முன்புதான் வேலைக்குத் திரும்பினேன், நாள் முழுக்க கீபோர்டு, ராத்திரி விரல் மரத்துப்போய் எழுந்து கையை உதறுகிறேன் என்று. இந்தப் படிவம் கேட்பதே கடந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். ஆக அந்த 41, வேலைக்குப் போகத் தொடங்கிய ஒரு வாரத்தின் படம்.

ராத்திரி மரத்துப்போய், உதறினால் சரியாவது என்பதை நான் சும்மா விடமாட்டேன். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான பாதை வழியாக ஒரு நரம்பு உள்ளங்கைக்குப் போகிறது. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு, சில சமயம் மாதங்கள் கழித்தும்கூட, அந்த இடத்தில் நரம்பு அழுந்தலாம். 'கார்பல் டனல்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எந்த விரல்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இன்றிரவே கவனியுங்கள்: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் பாதி என்றால் சந்தேகம் வலுக்கிறது. சுண்டு விரல் பக்கம் என்றால் அது வேறு நரம்பு. உங்களுக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்து நான் முடிவு கட்டக் கூடாது. கையைத் தொட்டுச் சோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் சோதனையும் எடுப்பார்கள். ஆனால் அடுத்த சோதனை நாள் வரை காத்திருக்காமல், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

மரமரப்பு விட்டு விட்டு வராமல் நாள் முழுக்க நீடித்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றினாலோ, திடீரென்று கட்டைவிரல் நுனியை மடக்கவோ நிமிர்த்தவோ முடியாமல் போனாலோ, கை வீங்கி நிறமும் சூடும் மாறி வலி தாங்கமுடியாமல் ஏறினாலோ வாரம்கூட வேண்டாம், உடனே போங்கள்.

எக்ஸ்ரே நன்றாக இருப்பதும் கை படுத்துவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். நரம்பும் தூக்கமும் தெரியாது. டாக்டர் சொன்னது சரி, நீங்கள் சொல்வதும் சரி. இந்த மாதிரிக் கேள்விப் படிவங்கள் பிறந்ததே அந்த இடைவெளிக்காகத்தான்.

இடது கையால் செய்தால் பொய்யா?

இல்லை. படிவத்தின் முன்குறிப்பிலேயே இருக்கிறது: எந்தக் கையால் செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள் என்பது பொருட்டல்ல, செய்ய முடிகிறதா என்பதை வைத்துப் பதில் சொல்லுங்கள் என்று. அந்தக் குறிப்பை யாரும் படிப்பதில்லை. கொடுப்பவர்களும் படிக்கச் சொல்வதில்லை. வரவேற்பில் பேனாவோடு கொடுத்து, "சீக்கிரம் போட்டுக் கொடுங்க" என்பதுதான் நடக்கிறது. எங்கள் பக்கத்துத் தவறு அது.

கடந்த வாரம் செய்ய வாய்ப்பே வராத வேலை என்றால், செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று உத்தேசமாகப் போடச் சொல்கிறார்கள். நீங்கள் விட்ட இரண்டு கேள்விகளில் ஒன்று, கைக்கு வேகமும் அதிர்வும் தரும் பொழுதுபோக்கு பற்றியது. "நான் டென்னிஸ் ஆடுவதில்லையே" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்கும் உத்தேசமாக ஒரு பதில் போடலாம்.

மற்றக் கேள்வியை விட்டதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அதிகம் பேர் விட்டுவிடும் கேள்வி அதுதான். 30-இல் 27-க்குப் பதில் இருந்தால் போதும், கணக்குப் போட முடியும். 28 போட்ட உங்கள் படிவம் செல்லும். நான்கு கேள்விகளை விட்டிருந்தால்தான் மதிப்பெண்ணே போடக் கூடாது. சுருக்கப் பதிப்பான 'குயிக்-டாஷ்' 2005-இல் வந்தது. அதில் 11 கேள்விகள்தான், அந்தக் கேள்வி அதில் இல்லை. ஆனால் இரண்டு படிவங்களின் மதிப்பெண்ணை ஒன்றோடு ஒன்று ஒப்பிடக் கூடாது. நடுவில் மாற்றினால் கணக்குப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இடது கையைப் பற்றி நீங்கள் கேட்டதில் ஒரு நியாயமான மனக்குறையும் இருக்கிறது. இடது கையால் பழகிக்கொண்டே போனால், வலது கை தேறாமலே மதிப்பெண் குறையும். டாஷ் என்ற படிவத்தின் இயல்பே அது. ஆள் எப்படி வாழ்க்கையை ஓட்டுகிறார் என்று கேட்கிறதே தவிர, ஒரு கை எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. தனித்தனியாகக் கேட்கும் படிவங்களும் உண்டு. 1998-இல் வெளிவந்த மிச்சிகன் கைப் படிவம் வலது, இடது என்று பிரித்தே பல கேள்விகளைக் கேட்கும், கையின் தோற்றத்தைப் பற்றியும் கேட்கும். (அதில் எண் ஏறினால் நல்லது. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) மணிக்கட்டுக்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது. நரம்பு அழுத்தம் உறுதியானால் பாஸ்டன் படிவம் என்று ஒன்று தருவார்கள். அதில் ராத்திரி விழிப்பைப் பற்றியே தனியாகக் கேட்கும்.

எனக்குப் பிடித்தது இவை எதுவும் அல்ல. நோயாளியே தனக்கு முக்கியமான மூன்று முதல் ஐந்து வேலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை போடும் எளிய அளவுகோல். உங்களுக்கு அது 'ஒரு மணி நேரம் கீபோர்டு அடிப்பது', 'விழிக்காமல் தூங்குவது' என்று இருக்கலாம். யாரோ எழுதிய முப்பது கேள்விகளில் உங்கள் கீபோர்டு எங்கேயும் வரவில்லை, பாருங்கள். டாஷிலேயே வேலையைப் பற்றி நான்கு கேள்விகள் கொண்ட விருப்பப் பகுதி ஒன்று உண்டு. உங்களுக்கு அதைத் தரவில்லை. அடுத்த தடவை கேட்டு வாங்குங்கள்.

காப்பீடு: 5-ம் வேண்டாம், 1-ம் வேண்டாம்

41 என்பது 41 சதவீத ஊனம் அல்ல. டாஷ் அதற்காக உருவாக்கப்பட்டதே அல்ல. ஒரே நோயாளி காலப்போக்கில் எப்படி மாறுகிறார், ஒரு சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க வந்தது. சாதாரண ஜனங்களிடம் கேட்டால்கூட பூஜ்யம் வராது. அமெரிக்காவில் பொதுமக்களிடம் எடுத்த கணக்கில் சராசரி 10 வந்தது. அவர்களை 10 சதவீத ஊனமுற்றோர் என்று யாரும் சொல்வதில்லை. நிரந்தர ஊனச் சதவீதத்தை அசைவு, பலம், உணர்ச்சி, எலும்பின் நிலை எல்லாவற்றையும் பார்த்து, அதற்கென உள்ள விதிப்படி ஒரு மருத்துவர் தீர்மானிப்பார். அதுவும் கை இனிமேல் பெரிதாக மாறாது என்ற நிலை வந்த பிறகு. நாலரை மாதத்தில், அதுவும் புதிதாக மரமரப்பு தொடங்கியிருக்கும்போது, நீங்கள் அந்த நிலையில் இல்லை. இறுதித் தீர்வு என்று சொல்லி எதிலும் அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டாம். கெடு தேதி ஏதாவது இருந்தால் அதையும் தவற விடாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் தேவை, அது என் துறை இல்லை.

சக ஊழியரின் யோசனைக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் 5 என்றால் சாவி திருப்பவும் முடியாது, எழுதவும் முடியாது என்று அர்த்தம். அப்படி ஒரு படிவத்தை, கீழே அழகான கையெழுத்தோடு பார்த்திருக்கிறேன். மதிப்பிடுபவர் இதைத் தனியாக வைத்துப் பார்ப்பதில்லை. 13 கிலோ பிடிவலு, எக்ஸ்ரே, நீங்கள் வேலைக்குத் திரும்பிய தேதி எல்லாம் பக்கத்தில் இருக்கும். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குறைபாட்டு மதிப்பீட்டு வழிகாட்டி, 2008-இல் வந்த ஆறாம் பதிப்பு, குயிக்-டாஷைக் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் சிறு திருத்தத்துக்கு மட்டும்தான், அதுவும் மற்றச் சோதனைகளோடு ஒத்துப்போனால்தான். ஒத்துப்போகாத படிவத்தை ஒதுக்கிவிடுவார்கள். அதோடு, தெரிந்தே பொய் எழுதினால் உங்களுக்கு உரிமையான பணமும் சிக்கலில் மாட்டும். எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. எல்லாவற்றிலும் 5 இருந்தால், 26-ஆவது வரி எங்கள் கண்ணில் படவே படாது.

கணவர் சொல்வதிலும் அதே ஆபத்து, எதிர்ப்பக்கமாக. மரமரப்புக்கு 1 போட்டிருந்தால், நாளைக்கு நரம்புக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது "அப்போது ஒன்றும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று கேட்பார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, கொஞ்ச நாளைக்கு அரை நாள் வேலை, நடுவில் இடைவெளி, கீபோர்டின் உயரத்தை மாற்றுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி அலுவலகத்தில் கொடுப்பது.

காப்பீட்டுக்காரர்களுக்கு நகல் கொடுக்கும் முன்பு, எந்தப் படிவங்கள், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். எது உங்கள் சம்மதத்தோடு போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் படிவத்தை மகள் நிரப்பினாள் என்று ஒரு வரி மருத்துவக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கொடுத்ததெல்லாம் உங்களிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

கடைசிக் கேள்வி பற்றி

30-ஆவது கேள்வி, கை இப்படி ஆனதால் 'திறமையும் நம்பிக்கையும் உபயோகமும் குறைந்தவளாக உணர்கிறேனா' என்பது. 4, அதாவது 'ஆம்' என்று போட்டுவிட்டு, "இது கைக்கான கேள்வியா, மனதுக்கான கேள்வியா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும்தான். மனச்சோர்வும் வலியைப் பற்றிய பயமும் டாஷ் மதிப்பெண்ணை நன்றாகவே ஏற்றும் என்று கை நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சில ஆய்வுகளில் பிடிவலு போன்ற அளவுகளைவிட மனநிலைதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப்போனது. உங்கள் வலி கற்பனை என்று யாராவது இதைத் திருப்பிச் சொன்னால் நம்பாதீர்கள். தூங்காத மனுஷிக்கு வலி அதிகம் தெரியும், வலி இருந்தால் தூக்கம் வராது, ரெண்டும் சேர்ந்தால் யாருக்கும் மனசு விழும். மரமரப்பைச் சரிசெய்தால் இதில் பாதி தானாக இறங்கும் என்பது என் அனுமானம். இறங்காவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தப்பில்லை.

டாக்டரிடம் போகும்போது மூன்று படிவங்களையும் எடுத்துப்போங்கள். மேலே உள்ள எண்களைக் காட்டி ஆரம்பித்தால் "நாலு பாயிண்ட்தானே, விடுங்க" என்பார், அதுவும் சரிதான். 26, 29 இரண்டையும் பேனாவால் வட்டமிட்டு, "வேலைக்குப் போன பிறகு இது மாறியிருக்கிறது, ராத்திரி இந்தந்த விரல் மரத்துப்போகிறது" என்று ஆரம்பியுங்கள்.

அப்புறம், பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள்: நான்காவது படிவத்தை நிரப்பும்போது பழையதைப் பார்த்துக்கொள்ளலாமா என்று. வேண்டாம். பார்த்தால், போன தடவையைவிட ஒன்று குறைத்தே போடக் கை போகும். வீட்டில் தனியாக, மகளும் கணவரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், முன்குறிப்பை ஒரு தடவை படித்துவிட்டு, அந்த வாரத்தை மட்டும் நினைத்து நிரப்புங்கள். பழையதோடு ஒப்பிடுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.